இரண்டு பதிவுகள், ஒரே மருந்தா? பொருளுணர் வலையும் மருந்து ஆராய்ச்சியும்

இமாட்டினிப் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்காக 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை சில ஆண்டுகளில் உயிரைப் பறித்துவந்த அந்த நோயை, தினமும் மாத்திரை விழுங்கியபடி பல்லாண்டு வாழக்கூடிய நோயாக மாற்றிய மருந்து இது. கிளிவெக் என்ற வணிகப் பெயரில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம்.

இந்த ஒரே மருந்தைப் பற்றி உலகம் சேர்த்துவைத்திருக்கும் அறிவு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதன் மூலக்கூறு அமைப்பு, அமெரிக்க அரசு நடத்தும் பப்கெம் தரவுத்தளத்தில் 5291 என்ற எண்ணில் இருக்கிறது. எந்தப் புரதத்தை எவ்வளவு வலுவாகத் தடுக்கிறது என்ற ஆய்வக அளவீடுகளைத் தேடினால், இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் கெம்பிள் தளத்துக்குப் போக வேண்டும். அங்கே அதன் எண் 941. பயன்பாடும் பக்கவிளைவுகளும் பிற மருந்துகளோடு சேரும்போது வரும் சிக்கல்களும், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த டிரக்பேங்கில் 619 என்ற எண்ணில் உள்ளன. இமாட்டினிப் தாக்கும் ஏபிஎல்1 புரதத்தின் விவரம், புரதங்களுக்கான தரவுத்தளமான யுனிப்ராட்டில் பி00519 என்ற எண்ணில். இதற்கெல்லாம் வெளியே பல்லாயிரம் ஆய்வுக் கட்டுரைகள் வேறு.

ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண்முறை, தனித் தலைப்புகள். ஒரு மருந்து என்றால் ஒருவர் உட்கார்ந்து நான்கையும் திறந்து ஒப்பிட்டுவிடலாம். ஆனால் மனித உடலில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. கெம்பிளில் இருக்கும் சேர்மங்கள் இருபது லட்சத்துக்கும் மேல். இவற்றுக்கு நடுவே யாரும் கவனிக்காத தொடர்பு ஒன்று இருந்தால், அதைக் கண்ணால் தேடிப் பிடிக்க வழியில்லை.

அப்படிக் கவனிக்கப்படாத தொடர்புகள் உண்மையிலேயே உண்டு என்பதை 1986இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன் காட்டினார். அவர் மருத்துவர் அல்லர். இயற்பியல் படித்துவிட்டுத் தகவலியலுக்கு வந்தவர். ரேனோ நோய் உள்ளவர்களுக்குக் குளிர்பட்டால் விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து நிறமே மாறிவிடும். அவர்களுடைய ரத்தத்தின் பாகுத்தன்மை அதிகமாக இருக்கிறது, தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன என்று ஒரு தொகுதிக் கட்டுரைகள் கூறின. மீன் எண்ணெய் ரத்தத்தின் பாகுத்தன்மையையும் தட்டணுக்கள் ஒட்டுவதையும் குறைக்கிறது என்று இன்னொரு தொகுதி கூறியது. இரு தரப்பினரும் ஒருவரையொருவர் வாசிக்கவில்லை. ஸ்வான்சன் இரண்டையும் சேர்த்துப் படித்து, மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவக்கூடும் என்று எழுதினார். 1989இல் வெளியான ஒரு மருத்துவச் சோதனை, வேறு நோயின் விளைவாக வராத முதன்மை ரேனோ நோயாளிகளிடம் அதற்குச் சாதகமான பலனைக் கண்டது.

ஸ்வான்சன் நூலகத்தில் செய்ததைக் கணினி செய்ய வேண்டுமானால், மருந்து பற்றிய அறிவு முழுவதையும் அது கையாளக்கூடிய வடிவில் எழுதித் தர வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளில் எத்தனையோ முனைவர் பட்ட ஆய்வுகள் இந்த வேலையில் இறங்கியிருக்கின்றன. இதைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் கணினி புதிய மருந்தைச் சுட்டிக்காட்டும் கடைசிக் கட்டத்தை மட்டுமே சொல்கின்றன. அதற்கு முன்னால் நடப்பதுதான் இத்துறையின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். இரண்டு பதிவுகள் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா என்று தீர்மானிக்கும் வேலை அது. ஆய்வு மாணவரின் ஆண்டுகளை அதிகம் விழுங்குவது அதுதான். கடைசியில் வரும் கணிப்பை நம்பலாமா என்பதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

மூன்று உறுப்புகள் கொண்ட வாக்கியம்

இமாட்டினிப் அனுமதி பெற்ற அதே 2001 மே மாதத்தில், சயன்டிபிக் அமெரிக்கன் இதழில், உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லாசிலா மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனிதர்கள் வாசிப்பதற்கான பக்கங்களால் ஆன இணையத்தை, கணினிகளும் பொருள் அறிந்து பயன்படுத்தும் இணையமாக விரிக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் செமான்டிக் வெப். தமிழில் பொருளுணர் வலை எனலாம்.

அதன் அடிப்படை மிக எளிது. எந்தத் தகவலையும் எழுவாய், உறவு, செயப்படுபொருள் என்ற மூன்று உறுப்புகள் கொண்ட வாக்கியமாக எழுதுகிறோம். 'இமாட்டினிப் – தடுக்கிறது – ஏபிஎல்1' என்பது ஒரு வாக்கியம். இதை மும்மை என்று அழைப்போம். இப்படி எழுதுவதற்கான தரம் ஆர்டிஎஃப். அதை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மும்மையில் வரும் 'இமாட்டினிப்' வெறும் எழுத்துகளின் வரிசையாக இருப்பதில்லை. அது ஓர் இணைய முகவரி. 'தடுக்கிறது' என்ற உறவுக்கும் தனி முகவரி உண்டு. உலகின் எந்த மூலையில் யார் எழுதினாலும் அதே முகவரியைப் பயன்படுத்தினால், இரு கோப்புகளைச் சேர்த்துப் போட்டதுமே வாக்கியங்கள் தாமாகக் கோத்துக்கொள்ளும். தனியாக ஒட்டுவேலை எதுவும் தேவைப்படாது.

மும்மைகளுக்கு மேலே ஆன்டாலஜி என்ற அடுக்கு வருகிறது. ஒரு துறையில் என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, எது எதன் உள்வகை, எந்த உறவு யாருக்கும் யாருக்கும் இடையே வரலாம் என்று வரையறுக்கும் ஏற்பாடு இது. 'கைனேஸ் என்பது ஒரு நொதி, நொதி என்பது ஒரு புரதம்' என்று ஆன்டாலஜியில் எழுதியிருந்தால், கைனேஸைப் பற்றிய தரவு புரதங்களைத் தேடும் வினவலிலும் தானாகவே வந்து சேரும். உயிரியலாளர்கள் இதற்கு வெகு சீக்கிரம் தயாராகிவிட்டார்கள். மரபணுக்களின் பணிகளை விவரிக்கும் ஜீன் ஆன்டாலஜி பற்றிய கட்டுரை 2000இலேயே வந்துவிட்டது. ஆன்டாலஜிக்கான ஓடபிள்யூஎல் மொழி 2004இல் தரமாயிற்று. மும்மைகளிடம் கேள்வி கேட்கும் ஸ்பார்க்கிள் மொழி 2008இல் வந்தது.

கேள்வி எப்படி இருக்கும்? தொழில்நுட்பக் குறிகளை நீக்கிவிட்டுத் தமிழில் எழுதினால் இப்படித்தான்:

இமாட்டினிப் → தடுக்கிறது → ?புரதம்
?மரபணு → உருவாக்குகிறது → ?புரதம்
?மரபணு → தொடர்புடையது → ?நோய்

கேள்விக்குறி இட்ட இடங்களைக் கணினி நிரப்பித் தர வேண்டும். புரதம் என்ற இடத்தில் ஏபிஎல்1 வந்தால், நோய் என்ற இடத்தில் மைலாய்டு ரத்தப் புற்றுநோய் வரும். கிட் என்ற புரதமும் வரும். இமாட்டினிப் அதையும் தடுக்கிறது. கிட் மரபணுவில் ஏற்படும் மாற்றம் செரிமானப் பாதையில் ஜிஸ்ட் என்ற கட்டியை உண்டாக்குகிறது என்பதால், நோய்ப் பட்டியலில் ஜிஸ்டும் இடம்பெறும். உண்மையிலேயே 2002 பிப்ரவரியில் ஜிஸ்டுக்கும் இமாட்டினிப் அனுமதி பெற்றது. மருத்துவர்களும் உயிரியலாளர்களும் தங்கள் அறிவைக் கொண்டு போட்ட பாதை அது. எந்த வினவலும் அதைக் கண்டுபிடித்துத் தரவில்லை. வினவலின் வலிமை வேறோர் இடத்தில் தெரிகிறது. முதல் வரியில் இமாட்டினிப்பை எடுத்துவிட்டு '?மருந்து' என்று போடுங்கள். அதே தர்க்கம் இப்போது எல்லா மருந்துகளுக்கும் எல்லா நோய்களுக்கும் ஒரே நேரத்தில் ஓடும். ஏற்கெனவே பாதுகாப்பு சோதிக்கப்பட்ட மருந்தை வேறு நோய்க்குத் திருப்பும் மருந்து மறுபயன்பாட்டு ஆய்வுகளில் இந்த முறை அதிகம் கையாளப்படுவது இதனால்தான்.

'ஒன்றே' என்று எழுதுவதன் விலை

மேலே உள்ள மூன்று வரிகளும் ஒரு நிபந்தனையை நம்பியிருக்கின்றன. முதல் வரியில் வரும் புரதமும் இரண்டாம் வரியில் வரும் புரதமும் ஒன்றே என்று கணினிக்குத் தெரிய வேண்டும். கெம்பிளின் 941, பப்கெமின் 5291, டிரக்பேங்கின் 619 மூன்றும் ஒரே மருந்து என்று யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும்.

ரேஷன் அட்டையில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரை விரித்து இன்னொன்று, மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்து மாறி மூன்றாவது. எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களுக்கு இந்தச் சிக்கலின் தன்மை உடனே விளங்கிவிடும்.

மூலக்கூறுகளுக்கு ஒரு வசதி உண்டு. அமைப்பைப் பார்த்தே அடையாளம் கணக்கிடலாம். இன்சிகீ என்ற 27 குறிகள் கொண்ட சாவி அதற்காகவே உருவானது. அதன் முதல் 14 எழுத்துகள் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன. அடுத்த பகுதி முப்பரிமாண அமைப்பு போன்ற நுணுக்கங்களுக்கானது. எந்த ஆய்வகத்தில் கணக்கிட்டாலும் ஒரே அமைப்புக்கு ஒரே சாவிதான் வரும். இதோடு தலைவலி தீர்ந்துவிடும் என்று தோன்றும். தீரவில்லை.

காரணம், நோயாளி விழுங்குவது இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பு வடிவம். 100 மில்லிகிராம் இமாட்டினிப் என்று அச்சிட்ட கிளிவெக் மாத்திரைக்குள் இருப்பது 119.5 மில்லிகிராம் இமாட்டினிப் மெசிலேட். இமாட்டினிப்பின் சாவி 'கேடியுஎஃப்' என்று தொடங்குகிறது, மெசிலேட்டின் சாவி 'ஒய்எல்எம்ஏ' என்று தொடங்குகிறது. முதல் பகுதியிலேயே இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை. சாவியை மட்டும் நம்பும் கணினிக்கு இவை தொடர்பே இல்லாத இரு பொருள்கள். கெம்பிளிலும் மெசிலேட்டுக்குத் தனி எண் உண்டு, 1642. உடலுக்குள் போய்ப் புரதத்தைத் தடுக்கும் வேலையைச் செய்வதோ இமாட்டினிப் மூலக்கூறுதான். அப்படியானால் இரண்டும் ஒன்றா, இல்லையா?

இதே கேள்வி சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம், அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் என்று சென்று, கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு இப்படிப் போகிறது: தெரிந்த ஒரு பொருளின் உப்புகள், படிக வடிவங்கள் போன்றவை, மருந்தின் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டாதவரை, அதே பொருளாகவே கருதப்படும். ஏழை நோயாளிகள் மலிவான மாத்திரை பெற வழிவிட்ட தீர்ப்பாகத்தான் நாம் இதை அறிவோம். பொருளுணர் வலையோடு பழகியவர்கள் கூடுதலாக இன்னொன்றையும் கவனிக்கலாம். எந்த நோக்கத்துக்காக ஒப்பிடுகிறோம் என்பதை வைத்துத்தான் ஒருமை தீர்மானமாகும் என்று அந்தச் சட்டம் கூறுகிறது. பலனைப் பொறுத்தவரை ஒன்று. தயாரிப்பு முறையையோ கரைதிறனையோ பொறுத்தவரை வேறாக இருக்கலாம்.

ஓடபிள்யூஎல் மொழியில் 'சேம்ஆஸ்' என்று ஓர் உறவு உண்டு. இரண்டு முகவரிகளும் ஒன்றே என்று அறிவிப்பது அதன் வேலை. அறிவித்தால் முழுமையான ஒருமை. நோக்கம், சூழல் எதையும் அது கேட்பதில்லை. ஒன்றைப் பற்றிய எல்லா உண்மைகளும் மற்றதற்கும் பொருந்திவிடும். 'அ' என்பதும் 'ஆ' என்பதும் ஒன்று, 'ஆ' என்பதும் 'இ' என்பதும் ஒன்று என்று இருவர் தனித்தனியாக எழுதினால், 'அ'வும் 'இ'யும் ஒன்று என்று கணினி முடிவுகட்டிவிடும். எங்கோ ஒருவர் அசட்டையாகப் போட்ட ஒரு சேம்ஆஸ், உப்பின் எடையை மூலக்கூறின் எடையாக்கும். எலியின் புரதத்தை மனிதப் புரதமாக்கும். இணையத் தரவுகளில் இந்த உறவு பெருமளவு பொருந்தாமல் கையாளப்படுவதை ஹாரி ஹால்பினும் பேட்ரிக் ஹேஸும் சக ஆய்வாளர்களும் 2010இல் விரிவாக எடுத்துக்காட்டினார்கள்.

இதற்கு நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்த தீர்வு, ஓபன் ஃபாக்ட்ஸ் என்ற ஐரோப்பியத் திட்டத்திலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் மருந்து நிறுவனங்களும் சேர்ந்து நிதியளித்த இத்திட்டம் 2011இல் தொடங்கியது. தங்களுக்குள் போட்டியிடும் பெரிய நிறுவனங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியே செய்துவந்த தரவு ஒருங்கிணைப்பு வேலையைப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஒரே இடத்தில் செய்ய முன்வந்தன. அங்கே சேம்ஆஸை நிரந்தரமாக எழுதிவைக்காமல், 'ஆடி' (லென்ஸ்) என்ற ஒரு முறையைக் கையாண்டார்கள். இரண்டு பதிவுகளுக்கு இடையே உள்ள தொடர்பையும் அந்தத் தொடர்புக்கான காரணத்தையும் சேர்த்தே பதிவு செய்வார்கள்: உப்பு வடிவம் மட்டும் வேறு, முப்பரிமாண அமைப்பு மட்டும் வேறு, என்பது போல. கேள்வி கேட்பவர் தனக்கு வேண்டிய ஆடியைத் தேர்ந்தெடுப்பார். புரதத்தைத் தடுக்கும் திறனைத் தேடும் உயிரியலாளர், உப்பு வேறுபாட்டைக் கண்டுகொள்ளாத ஆடியைப் போடுவார்; மாத்திரை தயாரிக்கும் வேதியியலாளர் கண்டிப்பான ஆடியைப் போடுவார். ஒரே தரவு, ஒரே கேள்வி, இருவருக்கும் வேறு விடை. இரண்டும் சரியானவை.

ஒரு முனைவர் பட்ட ஆய்வின் உள்ளே

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் செர்ஜியோ பரன்சினியின் ஆய்வகத்தில் டேனியல் ஹிமெல்ஸ்டீன் செய்த முனைவர் பட்ட ஆய்வு, இந்த வேலையின் எல்லா முகங்களையும் ஒருசேரக் காட்டுகிறது. அதன் முக்கிய முடிவுகள் 2017இல் ஈலைஃப் இதழில் வந்தன. 29 பொதுத் தரவு மூலங்களைச் சேர்த்து அவர் கட்டிய ஹெட்டியோநெட் என்ற வலைப்பின்னலில் 47,031 கணுக்கள்: மருந்துகள், நோய்கள், மரபணுக்கள், பக்கவிளைவுகள், உடலுறுப்புகள் என்று 11 வகைகளில். அவற்றுக்கிடையே 24 வகை உறவுகளில் 22,50,197 இணைப்புகள்.

கண்டிப்பாகப் பார்த்தால் இது ஆர்டிஎஃப் கிடங்கு கிடையாது. நியோ4ஜே என்ற வேறு வகைத் தரவுத்தளத்தில் வைக்கப்பட்டது. ஆனாலும் நோய்களுக்கு டிசீஸ் ஆன்டாலஜி, உடலுறுப்புகளுக்கு உபெரான் ஆன்டாலஜி என்று, பொருளுணர் வலையைச் சுற்றி வளர்ந்த பொது அடையாளங்களை வைத்துத்தான் 29 மூலங்களும் அங்கே ஒன்றுசேர்ந்தன. அந்த அடையாளங்கள் இல்லாமல் இப்படி ஒரு வலைப்பின்னலை ஒரு மாணவர் கட்டியிருக்கவே முடியாது.

அவர் கேட்ட கேள்வி இது: 1,538 மருந்துகளையும் 136 நோய்களையும் இணைத்தால் 2,09,168 சோடிகள். இதில் எந்தச் சோடியில் அந்த மருந்து அந்த நோயைக் குணப்படுத்த வாய்ப்பு அதிகம்? ஏற்கெனவே நிரூபணமான 755 சிகிச்சைகளை வைத்து, மருந்திலிருந்து நோய்க்குப் போகும் பாதைகளில் எந்த வகைப் பாதை நம்பத்தக்கது என்று கணினியைக் கற்றுக்கொள்ள வைத்தார்.

ஒரு சோடியை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். புப்ரோபியான் 1985இல் மனச்சோர்வுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை எடுத்துக்கொண்ட சில நோயாளிகள் புகைபிடிப்பதைக் குறைத்ததைத் தற்செயலாகக் கவனித்ததன் விளைவாக, 1997இல் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் அனுமதி கிடைத்தது. இந்த உண்மையை மறைத்துவிட்டுக் கேட்டால் வலைப்பின்னல் அதைக் கண்டுபிடிக்குமா? கண்டுபிடித்தது. புப்ரோபியானை நிகோடின் அடிமைத்தனத்துக்கான பட்டியலில் மிக உயரத்தில் வைத்தது. காரணத்தையும் காட்டியது: புப்ரோபியான், செல்லில் நிகோடின் வந்து ஒட்டும் புரதமான நிகோடின் ஏற்பியின் சிஎச்ஆர்என்ஏ3 என்ற கூறோடு பிணைகிறது, புகைப்பழக்கத்துக்கான வேறொரு மருந்தான வரெனிக்ளினும் அதே கூறோடு பிணைகிறது. அதிகாலையில் விழித்துக்கொண்டு தூக்கம் வராமல் போகும் பக்கவிளைவும் இரண்டு மருந்துகளுக்கும் பொது. ஒரு கணிப்பின் பின்னால் உள்ள பாதையை இப்படி வாக்கியமாகப் படிக்க முடிவதை நான் மிகவும் மதிக்கிறேன். எண்ணை மட்டும் தந்துவிட்டு வாய்மூடிக்கொள்ளும் கணிப்பை எந்த மருந்தியலாளரும் நம்பிச் சோதனைக்கு எடுத்துப்போகமாட்டார்.

வலிப்பு நோய்க்கான கணிப்புகளில் இதன் குறையும் வெளிப்பட்டது. முதல் 100 மருந்துகளில் பெரும்பாலானவை வலிப்பை அடக்குபவை. ஆனால் வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்துகளும் அதே பட்டியலில் இருந்தன. ஏன்? மருந்து ஒரு ஏற்பியோடு சேர்வதைக் குறிக்க ஹெட்டியோநெட்டில் இருந்த உறவு 'பிணைகிறது' என்பது மட்டுமே. ஒரு ஏற்பியோடு பிணைந்து அதைத் தூண்டும் மருந்தும் அடக்கும் மருந்தும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒன்றாகிவிட்டன. உறவுகளை எவ்வளவு நுணுக்கமாக வரையறுக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் கணிப்பும் நுணுக்கமாகும். ஆன்டாலஜி எழுதுவதைச் சலிப்பான ஆவண வேலை என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

ஹிமெல்ஸ்டீன் எதிர்கொண்ட இன்னொரு தடை அறிவியல் சம்பந்தப்பட்டதே இல்லை. பொதுப்பணத்தில் உருவாகி, யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் கிடந்த சில தரவுத்தளங்களுக்கு எந்த உரிமமும் எழுதப்படவில்லை. உரிமம் எழுதாத தரவைப் பார்க்கலாம். மாற்றிச் சேர்த்து மறுபடி வெளியிடலாமா என்பது சட்டப்படி தெளிவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மக்கள் வரிப்பணத்தில் சேர்த்த தரவைத் தொட ஒரு மாணவர் இத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருப்பது அநியாயம். தரவை வெளியிடும் எந்த ஆய்வகமும் ஒரே ஒரு வரியில் உரிமத்தை எழுதிவிட்டால் இது தீரும்.

அன்றாடப் பாடுகள் இன்னும் நுண்ணியவை. ஆய்வக அளவீடுகளைக் கட்டுரையிலிருந்து தரவுத்தளத்துக்கு ஏற்றும்போது நானோமோலார் என்ற செறிவு அலகு மைக்ரோமோலார் ஆகிவிட்டால், ஒரு மருந்தின் வலிமை ஆயிரம் மடங்கு மாறிவிடும். மரபணுக்களில் 'செப்ட்2', 'மார்ச்1' என்ற பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழைகள் இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் மென்பொருளை மாற்ற முடியாமல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்; 2020இல் வெளியான பெயரிடல் விதிகளில் அவை செப்டின்2, மார்ச்எஃப்1 என்று ஆகிவிட்டன.

எழுதாதது இல்லாததாகுமா?

பொருளுணர் வலையின் தர்க்கத்தில் மருந்துத் துறைக்கு மிகவும் பொருந்தும் ஒரு விதி உண்டு. சாதாரணத் தரவுத்தளத்தில் பயணியின் பெயர் இல்லையென்றால் அவர் டிக்கெட் எடுக்கவில்லை என்று பொருள். பொருளுணர் வலையில் அப்படி முடிவுகட்டக் கூடாது. ஒரு மும்மை இல்லையென்றால், அது இன்னும் தெரியவில்லை என்று மட்டுமே பொருள். 'இந்த மருந்துக்கு ஈரல் பாதிப்பு' என்ற வாக்கியம் கிடைக்காததால் அந்த மருந்து ஈரலுக்குப் பாதுகாப்பானது என்று கணினி சொல்லாது. உயிரோடு விளையாடும் துறையில் இந்த நிதானம் தேவை.

இயந்திரக் கற்றலைச் சேர்க்கும்போதுதான் இந்த நிதானம் பறிபோகிறது. கற்றுக்கொள்ள நல்ல உதாரணங்களோடு தவறான உதாரணங்களும் வேண்டும். பலனளிக்காத சோதனைகள் இதழ்களில் குறைவாகவே வெளிவருவதால், பதிவாகாத சோடிகளையெல்லாம் 'பலனில்லை' என்று வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நாம் தேடும் புதிய சிகிச்சையும் அந்தப் பதிவாகாத கூட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு ஆய்வேட்டைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, எதிர்மறை உதாரணங்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்ற பகுதியைத்தான்.

வெற்றிக் கதைகளும் உண்டு. லண்டனைச் சேர்ந்த பெனவலன்ட்ஏஐ நிறுவனம் தன் அறிவு வலைப்பின்னலில் தேடி, முடக்குவாத மருந்தான பாரிசிட்டினிப் கொரோனாவுக்குப் பயன்படலாம் என்று 2020 பிப்ரவரி 4 அன்று லான்செட் இதழில் எழுதியது. வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் ஏஏகே1 என்ற புரதத்தை இந்த மருந்து தடுக்கும், கூடவே அழற்சியையும் அடக்கும் என்பது வாதம். பிறகு பல்லாயிரம் நோயாளிகளிடம் நடந்த பெரும் சோதனைகள் இறப்பு குறைவதைக் காட்டின. 2022 மே மாதம் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. பலனுக்கு முக்கியக் காரணம் அழற்சியை அடக்கும் பண்புதான் என்று இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். தேடலை வழிநடத்திய ஏஏகே1 பின்னால் போய்விட்டது. வலைப்பின்னல் சரியான மருந்தைச் சுட்டியது. ஏன் சரி என்பதைச் சொன்னது நோயாளிகளிடம் நடந்த சோதனையும் உடலியலும்.

இத்தனை உழைப்பில் கட்டியவை நிலைத்து நிற்கின்றனவா என்பது என்னை வருத்தும் கேள்வி. யுனிப்ராட் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் ஸ்பார்க்கிள் சேவையைத் தொடர்ந்து நடத்துகின்றன. மற்ற பலவற்றின் நிலை அப்படியில்லை. பொதுவில் இருந்த 427 ஸ்பார்க்கிள் சேவைகளைப் பற்றி 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே எப்போதும் நம்பிப் பயன்படுத்தும் நிலையில் இருப்பதாகக் கண்டது. மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் சர்வரைக் கவனிக்க ஆளில்லை. திட்டத்தின் நிதி முடிந்ததும் இணைய முகவரி செத்துப்போகிறது. முகவரிதான் பெயர் என்ற தொழில்நுட்பத்தில் முகவரி சாவது, அந்தப் பெயரை நம்பி எழுதிய எல்லா வாக்கியங்களையும் ஊமையாக்கிவிடும். புதுமை எங்கே என்று மட்டும் கேட்கும் தேர்வாளர்கள், தரவைப் பிறர் பயன்படுத்தும் நிலையில் விட்டுச்செல்ல மாணவர் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார் என்றும் வாய்மொழித் தேர்வில் கேட்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும்.

சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சமால் குழுவினர் 2018இல் வெளியிட்ட இம்பாட் தரவுத்தளம், இந்தியாவில் இந்த வேலைக்கு நல்ல அடித்தளம். 1,742 மூலிகைகளையும் அவற்றில் உள்ள 9,596 வேதிப்பொருள்களையும் நூல்களிலிருந்தும் கட்டுரைகளிலிருந்தும் ஆட்களே வாசித்துத் தொகுத்தார்கள். இரண்டாம் பதிப்பில் அது 4,010 மூலிகைகளாகவும் 17,967 வேதிப்பொருள்களாகவும் வளர்ந்தது. எந்த வேதிப்பொருள் தாவரத்தின் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்தது.

மூலிகையில் ஒருமைச் சிக்கல் இமாட்டினிப்பைவிடக் கடுமையானது. ஆயுர்வேத நூல்களில் நினைவாற்றலுக்குச் சொல்லப்படும் சங்கபுஷ்பி எது? வடமாநிலங்களில் கொன்வால்வுலஸ் இனச் செடி ஒன்றைச் சொல்கிறார்கள். கேரளத்தில் அது நம் வேலிகளில் நீலமாய்ப் பூக்கும் சங்குப்பூ. வேறு சிலருக்கு விஷ்ணுகிராந்தி. சங்குப்பூ அவரைக் குடும்பம். மற்ற இரண்டும் வேறு குடும்பம். வேதிப்பொருள்களும் வேறு. 'சங்கபுஷ்பி – மேம்படுத்துகிறது – நினைவாற்றல்' என்ற மும்மையை இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் ஒரு நொடியில் கட்டுரையிலிருந்து பிரித்தெடுத்துத் தந்துவிடும். எந்த நூல், எந்த வட்டார வழக்கு, எந்தத் தாவர இனம், எந்தப் பாகம் என்பவற்றைச் சேர்த்து எழுதாதவரை அதை எந்த மூலக்கூறோடும் இணைக்க முடியாது. ஓபன் ஃபாக்ட்ஸ் உப்புகளுக்குச் செய்த ஆடியை மூலிகைகளுக்குச் செய்ய வேண்டும். தாவரவியல், மூலக்கூறு வேதியியல், சித்த ஆயுர்வேத நூற்பயிற்சி, ஆர்டிஎஃப் நான்கும் தேவைப்படும் அந்த ஆய்வு ஒரே நெறியாளரிடம் நடக்காது. இரண்டு மூன்று துறைகள் சேர்ந்து ஒரு மாணவரை ஏற்றுக்கொள்ளும் வழியை நம் பல்கலைக்கழகங்கள் திறந்துவிட்டால், நாளையே தொடங்கக்கூடிய தலைப்பு இது.